டிசம்பர் மழைக்கு ஈடுகொடுக்கும் நட்சத்திரம், மர அலங்காரங்கள், குடில்: வீட்டிலேயே செய்ய வழி கேட்கிறேன்

நெய்தல்மகள் (தூத்துக்குடி):

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று பிளாஸ்டிக் நட்சத்திரத்தையும் பளபளப்பான உருண்டைகளையும் கடையில் வாங்குவதும், சனவரி முடிவதற்குள் அவற்றைக் குப்பையில் சேர்ப்பதும் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எங்கள் தெருவில் பெரியவர்கள் மூங்கிலைப் பிளந்து, தாள் ஒட்டி, வீட்டு முகப்பில் கட்டிய நட்சத்திரங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வேலை தெரிந்தவர்கள் இன்று எங்கள் தெருவில் எவரும் இல்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலிருந்து பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து, மாலைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.

மூன்று விஷயங்களில் எனக்கு வழிகாட்டல் தேவைப்படுகிறது. முதலாவது, ஐந்து முனை நட்சத்திரத்தின் சட்டத்தைக் கோணாமல் கட்டுவது எப்படி, வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்களில் அதற்கு எந்தத் தாளை ஒட்டுவது? இரண்டாவது, மைதாவும் உப்பும் பிசைந்து சிறு உருவங்கள் செய்யும் முறையைப் பல காணொளிகளில் பார்த்தேன்; கடற்கரைக் காற்றில் அவை கெட்டியாக நிற்குமா? மூன்றாவது, குடிலைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்ப்பார்களே, அதற்கு எந்த விதையை எப்போது தூவ வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூங்கில்வேலை (நாகர்கோவில்):

சகோதரிக்கு வணக்கம். நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; என் தகப்பனாரிடம் கற்றுக்கொண்டு இன்றுவரை விடாமல் செய்துவரும் வேலை அது.

நன்கு முற்றிக் காய்ந்த மூங்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மூங்கில் வளைவதற்கு இதமாக இருக்கும் என்று பலர் அதைத் தேடுகிறார்கள். ஆனால் அது காயும்போது சுருங்கி, கட்டுகள் எல்லாம் தளர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் அகலமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாச்சுகளாகச் சீவி, கணு இருக்கும் இடத்தைக் கத்தியால் மழித்து, சிலாம்பு ஏறாதபடி உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். வீட்டு முகப்புக்கு 60 சென்டிமீட்டர் நீளப் பிளாச்சு பத்தும், 14 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஐந்தும் போதும்.

ஒவ்வொரு நீளப் பிளாச்சிலும் ஒரு முனையிலிருந்து 23 சென்டிமீட்டரிலும் 37 சென்டிமீட்டரிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பிளாச்சுகளை நட்சத்திரமாக வைக்கும்போது அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்கள் இந்தக் கோடுகளின் மேல்தான் விழ வேண்டும். விழுந்தால் ஐந்து முனைகளும் ஒரே அளவில் அமைந்துவிட்டன என்று பொருள். ஒவ்வொரு பிளாச்சும் ஒரு பிளாச்சுக்கு மேலாகவும் அடுத்ததற்குக் கீழாகவும் போகுமாறு பின்னி வைத்தால் சட்டம் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், நூல்கட்டு அதற்குத் துணையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கிக் கட்டியவர்களின் நட்சத்திரம்தான் தூக்கிப் பிடித்தவுடன் கோணிப்போகிறது.

இப்படி இரண்டு சட்டங்கள் தயாரானதும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளையும் சணல் நூலால் சற்றுத் தளர்வாகவே கட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஐங்கோணத்தின் மூலைகளில், இரு சட்டங்களுக்கும் நடுவே, அந்தச் சிறு குச்சிகளை நிறுத்த வேண்டும். குச்சியின் இரு நுனிகளிலும் சிறு பள்ளம் வெட்டியிருந்தால் அது வழுக்காமல் உட்காரும். வரிசையாக வைத்துக்கொண்டே போகாமல், ஒரு மூலையை முடித்ததும் அதற்கு எதிர்ப்பக்கத்து மூலைக்குப் போனால் இழுவிசை ஒரு பக்கமாகச் சாயாது. ஐந்தும் நின்ற பிறகு முனைக்கட்டுகளை இறுக்கிவிடுங்கள். தட்டையாகக் கிடந்த சட்டம் வயிறு புடைத்து எழும் அந்த நேரத்தில் பிள்ளைகள் நிச்சயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிறு குச்சிக்கு 14 சென்டிமீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிளாச்சின் நடுப்பகுதி, அதாவது 23க்கும் 37க்கும் இடைப்பட்ட பகுதி, அதே 14தான். ஆகவே முன்புறமும் பின்புறமும் உள்ள பத்து முக்கோணங்களும், பக்கவாட்டில் உள்ள பத்து முக்கோணங்களும் ஒரே அளவாக அமைந்துவிடுகின்றன. அட்டையில் ஒரே ஒரு முக்கோணம் வெட்டிக்கொண்டு, ஓரத்தில் மடிப்புக்காக ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, இருபது தாள்களையும் அதை வைத்தே வெட்டிவிடலாம். அதற்குமேல் இரண்டு ஐங்கோணங்கள் மட்டுமே வேண்டும். கீழே இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள பக்கவாட்டு முக்கோணங்கள் இரண்டை ஒட்டாமல் விடுங்கள். விளக்கை உள்ளே வைக்கவும் சூடு வெளியேறவும் அந்த வழி வேண்டும்.

பசைக்கு மைதாவை ஐந்தாறு மடங்கு தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோல் தெளியும்வரை கிண்டினால் போதுமானது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டு. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டாம், அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். தாளைப் பொறுத்தவரை பட்டம் செய்யும் மெல்லிய தாளுக்கு இணையான வெளிச்சம் வேறு எதிலும் வராது என்பது என் முடிவான கருத்து. மழைச் சாரல் படாத தாழ்வாரத்துக்குள் தொங்கவிட்டால் அதுவே போதும்.

நெய்தல்மகள் (தூத்துக்குடி):

மிக்க நன்றி ஐயா. முக்கோணங்கள் எல்லாம் ஒரே அளவாக வரும் என்பதைப் படித்தவுடன் என் மகன் அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டான். எங்கள் வீட்டில் தாழ்வாரம் கிடையாது. மாடியின் கைப்பிடிச் சுவரில்தான் தொங்கவிட வேண்டும், மழை நேராகவே படும். வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டலாமா? விளக்கு எத்தனை வாட் வைக்கலாம்?

கணக்கு ஆசிரியர் (பாளையங்கோட்டை):

கண்ணாடித்தாள் நீரைத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் இப்போது கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் மைதாப் பசை அதில் பிடிக்காது, ஒட்டுநாடாவைத்தான் நாட வேண்டியிருக்கும். அது வழவழப்பாக இருப்பதால் உள்ளே எரியும் விளக்கும் கம்பியும் அப்படியே வெளியே தெரியும். பிளாஸ்டிக்கை விட்டு விலக நினைக்கும் நீங்கள் மறுபடியும் அதற்கே திரும்புவானேன்? என் பரிந்துரை பழைய வெள்ளை வேட்டி. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டித் துணியை அதே முக்கோண அளவில் வெட்டி, பிளாச்சின் மேல் மடித்துத் தையல் போட்டுவிட்டால், நனைந்தாலும் கிழியாது. வெயில் வந்ததும் காய்ந்துவிடும். அடுத்த ஆண்டும் உதவும். வெளிச்சம் தாளில் வருவதைவிடச் சற்று மங்கலாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விளக்கைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. 40 வாட், 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. தாளோ துணியோ அதைத் தொட்டால் முதலில் பழுப்பேறும், பிறகு பற்றிக்கொள்ளும். இந்த அளவு நட்சத்திரத்துக்கு 5 வாட் எல்.இ.டி. பல்பு தாராளம். திறந்தவெளியில் கம்பியை இடையில் முறுக்கி ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாகக் கொண்டுவாருங்கள். பல்பு மாட்டும் ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். கம்பி ஹோல்டருக்குள் நுழைவதற்கு முன் அதைவிடத் தாழ்வாக ஒரு முறை தொய்ந்து, பிறகு மேலேறிச் செல்லும்படி விட்டால், கம்பி வழியாக ஓடிவரும் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். பிள்ளைகள் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆர்வம் இருப்பதால் இதையும் சொல்கிறேன். ஜெர்மனியில் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய விடுதிப் பள்ளியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வடிவியல் பயிற்சியாகத் தோன்றியதுதான், இன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகெங்கும் அறியப்படும் பல முனைத் தாள் நட்சத்திரம். வழக்கமான வடிவத்தில் அதற்கு 25 முனைகள் உண்டு; 17 கூம்புகளுக்கு அடிப்பாகம் சதுரம், 8 கூம்புகளுக்கு முக்கோணம். அடிப்படை உருவத்தில் 18 சதுரங்கள் இருக்கும்; தொங்கவிடவும் விளக்கு வைக்கவும் ஒன்றை விட்டுவிடுவதால் 17 ஆகிறது. கெட்டித் தாளில் கூம்பு கூம்பாகச் செய்து கோத்துவிடலாம். மூங்கில் நட்சத்திரம் கைவந்த பிறகு உங்கள் மகன் இதற்கு வரட்டும். மூங்கில் சட்டத்தில் தாள் ஒட்டி ஐந்து முனை நட்சத்திரம் செய்து கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பில் தொங்கவிடும் வழக்கம் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அங்கே அதைப் பரோல் என்பார்கள்.

ஓலைப்பெட்டி (திருச்செந்தூர் பக்கம்):

தங்கச்சி, உப்பு மைதா வேண்டாம். குளிர்ந்த, வறண்ட காற்று வீசும் ஊர்களில், அடுப்பின் சூட்டில் வீடே காய்ந்திருக்கும் இடங்களில் நல்லபடியாக நிலைக்கும் பொருள் அது. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். நம் கரையோரத்தில் டிசம்பர் இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஓவனில் எவ்வளவு நேரம் வைத்துக் காயவைத்தாலும், மேலே வார்னிஷ் பூசினாலும், கொக்கி மாட்டிய துளை வழியாக ஈரம் ஏறி உருவம் தளர்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக நம் பாட்டிமார் கூடை செய்யவும் முறத்துக்குப் பூசவும் வைத்திருந்த காகிதக்கூழை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து, மறுநாள் வழவழவென்று அரையுங்கள். வெந்தயத்தில் இருக்கும் கோந்துப் பொருள்தான் காகித நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. தாளை ஒட்டப் பிழிந்து இடித்து, வெந்தய விழுதோடு சேர்த்து, சப்பாத்தி மாவின் பதம் வரும்வரை பிசைந்தால் கூழ் தயார். அச்சுக்கு எங்கும் போக வேண்டாம். சமையலுக்கு ஒதுக்கிவிட்ட பழைய இட்லித்தட்டு இருந்தால், குழிகளில் ஈரத் துணியை விரித்து, கூழை மெல்லியதாக அழுத்தி, பாதி காய்ந்ததும் துணியோடு தூக்கி வெளியே எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள். இரண்டு பாதிகளை எதிரெதிராக ஒட்டி, நடுவில் நூலைக் கொடுத்தால் தொங்கவிடும் காய் ஒன்று கிடைக்கிறது. அது உள்ளே வெறுமையாக இருப்பதால் கனமே இராது. முதலில் சுண்ணாம்போ வெள்ளை வண்ணமோ பூசி, பிறகு பிள்ளைகள் விருப்பம்போல் எழுதட்டும். டிசம்பரில் வெயில் நம்பத்தக்கது அல்ல என்பதால் இந்த வேலையை நவம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கனம் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு நம் மரமே காரணம். பெரும்பாலான வீடுகளில் சவுக்குக் கிளையைத்தான் ஈரமணல் நிரப்பிய வாளியில் நடுகிறோம். சவுக்கின் நுனிகள் நூலிழைபோல் மெலிந்தவை. கண்ணாடி உருண்டையைத் தொங்கவிட்டால் கிளை தரையைப் பார்க்கும். அந்தக் கிளைக்கு ஓலைப் பொருட்களைப்போல் பொருந்துவது எதுவும் இல்லை என்பேன், ஓலை என் தொழில் என்பதற்காக அல்ல.

பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரு சென்டிமீட்டர் அகல நார்களாக வகிர்ந்து, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பின்னுவதற்குச் சற்று முன் தண்ணீரில் நனைத்து ஈரத் துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது. சிவப்பும் பச்சையும் வேண்டுமானால் கொதிக்கும் சாயநீரில் நார்களைப் போட்டு எடுக்கலாம். இது பெரியவர்களின் வேலை. தென்னை ஓலையில் சிறுவர்கள் பந்து பின்னுவார்களே, அதே பின்னலைச் சாயமேற்றிய பனை நாரில் சிறிதாகப் பின்னினால் மரத்துக்கு ஏற்ற உருண்டை கிடைத்துவிடும். குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் ஓலையில் சிலுவை மடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மீன், பறவை, தோரணச் சங்கிலி எல்லாம் தானாக வரும். ஐரோப்பாவில் ஃப்ரோபெல் நட்சத்திரம் என்று காகிதத்தில் செய்வார்கள். நான்கு பட்டைகளை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் சதுரமாக இறுக்குவது அதன் முதற்படி. ஓலை பின்னிப் பழகிய கை அந்த முதற்படியை நொடியில் பிடித்துக்கொள்ளும். பட்டையின் நீளம் அகலத்தைப்போல் முப்பது மடங்கு இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 30 சென்டிமீட்டர் நீளம். நம் பனை நாரில் இந்த நீளம் எளிதாகக் கிடைக்கும்.

பஞ்சைப் பிய்த்துப் பனி என்று மரத்தில் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ந்த சவுக்கும் பஞ்சும் மின்விளக்குச் சரமும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. பனியே விழாத நம் ஊர் மரத்துக்கு அந்தப் பஞ்சு தேவையும் இல்லை.

குடில்தொண்டன் (திருச்சிராப்பள்ளி):

குடிலுக்குப் பசுமை வேண்டுமென்றால் கேழ்வரகைத் தூவுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, தென்னைநார்க் கழிவும் மண்ணும் கலந்து பரப்பிய தாழ்வான தட்டுகளில் நெருக்கமாகத் தூவி, முளை தெரியும்வரை ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். டிசம்பர் 14, 15 தேதிகளில் தூவினால் 24ஆம் தேதி மாலை விரலளவு புல் நிற்கும். அதற்கு முன்பே தூவினால் புல் நீண்டு தலைசாய்ந்துவிடும். வெந்தயமும் கடுகும் விரைவாக முளைக்கும் என்றாலும் அவற்றின் இலை அகலமானது, புல்வெளிபோல் தோன்றாது.

பாறைக்குச் சிமெண்ட் பைத் தாளைக் கசக்கிப் பயன்படுத்தினார்கள். இப்போது அந்தப் பைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் புத்தக அட்டை போடும் பழுப்புத் தாளே கைகொடுக்கும். கசக்கி, விரித்து, சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, மேடுபள்ளமாக நிறுத்திக் காயவிட்டு, காவியையும் கரியையும் கரைத்துத் தெளித்தால் அசல் பாறையாகவே தெரியும். உருவங்களைக் குளத்துக் களிமண்ணில் பிள்ளைகளே பிடிக்கட்டும். மண்ணில் கொஞ்சம் மணல் கலந்து, முதல் இரண்டு நாள் துணியால் மூடி மெதுவாக உலரவிட்டால் வெடிப்பு குறையும். கால்களை மெலிதாக்க முயலாதீர்கள். ஆடுமாடுகள் படுத்திருக்கும் நிலையிலேயே செய்தால் உடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். எளிமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. சுழலும் விளக்குகளும் செயற்கை அருவியும் இல்லாவிட்டால் குடில் சிறக்காது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. குழந்தை இயேசுவின் உருவத்தை 24ஆம் தேதி இரவுவரை எடுத்து வைத்திருங்கள். மூன்று ஞானிகளை வீட்டின் வேறு மூலையில் வைத்து, நாள்தோறும் ஒரு சாண் முன்னே நகர்த்தி, சனவரி 6 திருக்காட்சி நாளன்று குடிலில் சேர்க்கும் வழக்கத்தைத் தொடங்கிப் பாருங்கள். அதற்குப் பிள்ளைகள் காட்டும் அக்கறை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். வைக்கோல் கூரைக்கு அருகில் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம்.

நெய்தல்மகள் (தூத்துக்குடி):

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. வேட்டித் துணியால் நட்சத்திரமும், காகிதக்கூழிலும் ஓலையிலும் மர அலங்காரங்களும் என்று முடிவு செய்துவிட்டோம். வெந்தயக் கூழை இந்த வாரமே தொடங்குகிறேன். விழா முடிந்த பிறகு இவற்றை அடுத்த ஆண்டுவரை எப்படிப் பாதுகாப்பது என்பதையும் சொல்லிவிட்டால் நிறைவாக இருக்கும்.

மூங்கில்வேலை (நாகர்கோவில்):

கணக்கு ஆசிரியர் சொன்ன துணி யோசனையை நான் முழுமனதோடு ஏற்கிறேன்; நேரடி மழைக்கு அதுவே சரி. நட்சத்திரத்தை எடுத்து வைப்பதற்கு ஏற்றபடி இப்போதே ஒரு சிறு மாற்றம் செய்துகொள்ளுங்கள். நடுவில் உள்ள ஐந்து குச்சிகளையும் நூலால் நிரந்தரமாகக் கட்டாமல் வெட்டிய பள்ளத்தின் பிடிப்பிலேயே நிற்க விட்டு, பின்பக்கத்து ஐங்கோணத் துணியின் விளிம்பில் மூன்று பக்கங்களை மட்டும் தைத்து, மற்ற இரண்டை நாடா வைத்து முடியுங்கள். விழா முடிந்ததும் நாடாவை அவிழ்த்து, உள்ளே கைவிட்டுக் குச்சிகளை உருவினால் நட்சத்திரம் தட்டையாகிவிடும். பீரோவின் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்துவிடலாம். ஈரம் துளியும் இல்லாதபடி வெயிலில் காய்ந்த பிறகுதான் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியில் கரும்புள்ளி விழும். குச்சிகளுக்கும் மூலைகளுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை எண் எழுதி, ஐந்து குச்சிகளையும் சேர்த்துக் கட்டிச் சட்டத்தோடு தொங்கவிடுங்கள்.

ஓலைப்பெட்டி (திருச்செந்தூர் பக்கம்):

ஓலைப் பொருட்களையும் கூழ் உருவங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு அட்டைப்பெட்டியில் வைத்து, பரணில் ஏற்றிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நாள் இறக்கி நிழலில் பரப்பி மறுபடி கட்டி வைத்தால் போதும். வெயிலில் நேராக வைத்தால் சாயம் வெளுத்துவிடும்.